அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஓடும் குறுகலான ஆற்றுக்கு இவ்வளவு அகலமான பள்ளத்தாக்கு எப்படி வந்தது?

பாறை இருந்த இடத்திலேயே விரிசல் விட்டும் உளுத்தும் போவது வானிலைச் சிதைவு. அப்படி உதிர்ந்ததை நீரோ காற்றோ பனிப்பாறையோ வாரிக்கொண்டு போவது அரிப்பு. ஓதம் ஏறிய சுவரில் காரை உதிர்வது முதலாவது. அதைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவது இரண்டாவது.

கிராண்ட் கேன்யனில் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். சுமார் 50–60 லட்சம் ஆண்டுகளாகக் கொலராடோ ஆறு மணலையும் கற்களையும் உருட்டித் தரையைத் தேய்த்ததில், ஆழம் 1.6 கி.மீ.க்கு மேல் போய்விட்டது. அகலமோ சில இடங்களில் 29 கி.மீ.! ஆற்றின் சராசரி அகலம் 100 மீட்டர்கூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

விரிசலில் புகுந்த நீர் குளிர்கால இரவில் உறையும்போது ஏறக்குறைய 9% விரியும், பாறை பிளக்கும். மென்மையான களிப்பாறை அடுக்கு சீக்கிரம் தேய்ந்துவிடும். அதன்மேல் நிற்கும் கெட்டியான சுண்ணாம்புப் பாறையும் மணற்பாறையும் பிடிப்பிழந்து செங்குத்தாகச் சரியும். படிக்கட்டு போன்ற அந்த வடிவம் இப்படித்தான் வந்தது. சரிந்ததைக் கோடைமழை வெள்ளம் பக்க ஓடைகள் வழியே ஆற்றில் சேர்க்கும்.

பள்ளத்தாக்கு முழுவதையும் ஆறே குடைந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆறு தந்தது முக்கியமாக ஆழத்தை, அகலத்தில் பெரும்பங்கு சிதைவுக்கும் சரிவுக்கும் பக்க ஓடைகளுக்கும் உரியது.