கொசுவைப் பற்றி எழுதினால் அது வரலாறு ஆகுமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, எம்.ஏ. வரலாறு படித்தேன். மலேயா ரப்பர் தோட்டங்களில் நம் ஊர்த் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போன மலேரியா பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. நவீன உலக வரலாறு, பல துறை கலந்த ஆய்வு என்று சொன்னேன். இரண்டு பேராசிரியர்கள் 'இது வரலாறா, மருத்துவமா?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? – மன்னார்குடி வாசகி

பதில்: அவர்கள் மேல் கோபம் வேண்டாம். நீங்கள் தலைப்பைச் சொல்லியிருக்கிறீர்கள், கேள்வியைச் சொல்லவில்லை. 'பல துறை கலந்த ஆய்வு' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வரும். எந்தத் துறையையும் முழுசாகப் படிக்காமல் தப்பிக்கப் பார்க்கிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். வரலாறு மட்டும் போதாது என்பதை உங்கள் கேள்வியே காட்டிவிட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அது காட்டும். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். நான்கே ஆண்டில், 1901-இல், மலேயாவின் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மால்கம் வாட்சன் என்ற அரசு மருத்துவர் சதுப்பை வடியவைத்து, காட்டை அழித்து, காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். சரி, இதையே எல்லாத் தோட்டத்திலும் செய்யலாமே? மலைச்சரிவுத் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் கூடியது. காரணம் உங்கள் விலங்கியல் பாடத்தில் இருக்கிறது. கரையோரச் சதுப்பில் இருந்த அனாஃபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழலான தேங்குநீரில் முட்டையிடும். மலையில் இருந்த அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைநீர் வேண்டும். மரத்தை வெட்டினால் முதல் கொசு போய்விடும். இரண்டாவது கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டித் தந்த மாதிரி.

இதுவரை கொசுவின் கதைதான். அந்த மலைக்காடு ஏன் அப்போது, அவ்வளவு அவசரமாக வெட்டப்பட்டது என்று கேட்டால் வரலாறு தொடங்கிவிடும். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. கார் டயருக்குத் தேவை, லண்டன் பங்குச் சந்தையின் பணம், பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்த விதைகளின் வாரிசு மரங்கள், கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர்) கூட்டிப்போன தஞ்சாவூர், திருச்சி, சேலத்து ஆட்கள் எல்லாம் ஒரே சரிவில் வந்து சேர்ந்தன. உலக வரலாறு என்றால் உலகம் முழுக்க எழுதுவது என்று பயப்படாதீர்கள். ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கே வந்து சேரும் இழைகளைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும்.

அடுத்த முறை பேராசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: 'எங்கே காடு வெட்டுவது என்று முடிவெடுத்தவர்களுக்குக் கொசுவைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது? தெரிந்த பிறகும் ஆட்களை அங்கே குடிவைத்தது ஏன்?' இதை மருத்துவம் என்று யாரும் சொல்ல முடியாது.

கைடு தேடும் முன்னால் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்திலும் வீட்டிலிருந்தே நிறையப் படிக்கலாம். கோலாலம்பூர்க் காப்பகமும், லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகமும் பிறகு. அரசு ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், நோயாளி அங்கே ஒரு எண்ணிக்கையாகத்தான் வருவார். மலேயாவில் 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் போன்ற பத்திரிகைகளையும் தோட்டப் பாட்டுகளையும் படிக்கத் தெரிந்தது உங்களுக்குப் பெரிய பலம். இரண்டு வாரம் தேடியும் பத்து நல்ல ஆவணம்கூடச் சிக்காவிட்டால் காலத்தையோ இடத்தையோ மாற்றுங்கள்.

அப்புறம், பதிவு. என் கருத்தில் வரலாற்றுத் துறையிலேயே பதியுங்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு எம்.ஏ. பாடமும் நெட் (உதவிப் பேராசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு) பாடமும் பார்ப்பார்கள். பட்டத்தில் புதுமாதிரித் துறைப் பெயர் இருந்தால் அது வரலாற்றுப் பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைய வேண்டி வரலாம். பூச்சியியலோ பொதுச் சுகாதாரமோ தெரிந்த ஒருவரை இணை வழிகாட்டியாகப் போட்டுக்கொள்ளுங்கள். வேறு துறை, வேறு நிறுவனத்தவரையும் வைத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகள் அனுமதிக்கின்றன. டெல்லி ஜேஎன்யூவில் வரலாற்று ஆய்வு மையம், சமூக மருத்துவ மையம் இரண்டுமே உண்டு. சென்னை ஐஐடியின் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறையையும் பாருங்கள்.

எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை தரலாம். நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதனால் முதலில் அதற்கு முயலுங்கள். வெளிநாட்டுக் காப்பகத்துக்குப் போகும் செலவு இதற்குள் அடங்காது, பயண உதவித்தொகைக்கு முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

கைடாக வருகிறவரிடம் ஓய்வு பெறும் தேதியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மீதிப் பணிக்காலம் 3 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் அவர் புது மாணவரை எடுக்க முடியாது. நான்கு ஆண்டு இருப்பவர் எடுக்கலாம்தான். ஆனால் உங்கள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படிப்பார்.