நாலு வரியும் நாற்பது வரியும்

அன்புள்ள ஐயா,

பைத்தான் நிரல்மொழி பழக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு பயிற்சிக் கணக்கை முட்டி மோதி 40 வரியில் முடித்தேன். பிறகு மற்றவர்களின் தீர்வுகளைத் திறந்தால், ஒருவர் அதையே 4 வரியில் போட்டிருக்கிறார். மனம் விட்டுப்போயிற்று. இப்படிப் பார்த்துக் கற்பது காப்பி அடிப்பது ஆகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆகாது. உங்கள் நிரல் ஓடி, விடை சரியாக வந்த பிறகுதானே திறந்தீர்கள்? அந்த 40 வரியை எழுதியதால்தான் அவருடைய 4 வரி எந்தச் சிக்கலை அவிழ்க்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஓர் அட்டவணையின் கிடைவரிசைகளை நெடுவரிசைகளாக மாற்ற, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போட்டு, இன்டெக்ஸை, அதாவது ஒவ்வொன்றின் இட எண்ணை, எண்ணி எண்ணி எழுதியிருந்தேன். இன்னொருவர் ஜிப் (zip) என்று பைத்தானிலேயே இருக்கும் ஒரு கட்டளையை எழுதி, அடைப்புக்குறிக்குள் அட்டவணையின் பெயரையும் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியையும் போட்டிருந்தார், அவ்வளவுதான். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் அட்டவணையைப் பிரித்து ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக ஜிப்பிடம் கொடுக்கிறது, ஜிப் எல்லா வரிசையிலும் முதலாவதை எடுத்து ஒரு கட்டு, அப்புறம் இரண்டாவதை எடுத்து ஒரு கட்டு என்று கட்டிக்கொண்டே போகிறது என்பது பிடிபட்டபோது அவ்வளவு சந்தோஷம். அதோடு விடாமல், ஒரு வரிசையில் மட்டும் ஒரு எண்ணை அழித்துவிட்டு ஓட்டினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, கடைசி நெடுவரிசை மொத்தமும் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது! இருப்பதிலேயே குட்டையான வரிசை தீர்ந்ததும் ஜிப் நின்றுவிடும். பைத்தான் 3.10 முதல், ஜிப்பின் அடைப்புக்குறிக்குள் ஸ்ட்ரிக்ட் (strict) என்பதற்கு ட்ரூ (True) கொடுத்தால் நீளம் ஒத்துப்போகாதபோது பிழை காட்டும். அந்த ஒரு வரியை உடைத்துப் பார்க்காமல் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறம், வரி எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒருமுறை என் நிரலும் இன்னொருவருடையதும் ஏறக்குறைய ஒரே நீளம். ஏற்கெனவே வந்த சொற்களை நான் லிஸ்டில் (வரிசையான பட்டியல்) வைத்திருந்தேன், அவர் செட்டில் (ஒன்றை ஒரே தடவை மட்டும் வைக்கும் தொகுப்பு). லட்சக்கணக்கில் சொற்கள் வந்ததும் என்னுடையது தவழ்ந்தது, அவருடையது சட்டென்று முடிந்தது. ஒரு சொல் இருக்கிறதா என்று கேட்டால் லிஸ்ட் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும், செட் ஹாஷை, அதாவது அந்தச் சொல்லிலிருந்தே கணக்கிடும் ஓர் எண்ணை, வைத்து நேராக இடத்துக்கே போய்விடும். இப்படிப்பட்ட வித்தியாசத்துக்குத்தான் கண் பழக வேண்டும். நாலு விஷயத்தை ஒரே வரியில் திணித்த தீர்வுகளைத் தாண்டிப் போங்கள், மறுவாரம் எழுதியவருக்கே அவை புரியாது.

படித்ததை மூடிவிட்டு, மறுநாள் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். சரி, அந்த 4 வரியில் உங்களுக்கு எது பிடிபடவில்லை? எழுதி அனுப்புங்கள், சேர்ந்தே பிரித்துப் பார்ப்போம்.