சும்மா கிடக்கும் கணினி: கேள்வி பதில்

கேள்வி: ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சம்தானே? என் டெஸ்க்டாப் பாதி நாள் அப்படித்தான் இருக்கிறது.

மிச்சம் இல்லை. பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் வெகுநேரம் நின்றால் அதன் தடம் அப்படியே பதிந்துவிடும். அதைத் தடுக்க வந்ததுதான் ஸ்கிரீன் சேவர். இன்றைய எல்.சி.டி. திரையில் அது ஓடும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கணினியும் விழித்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையோடு சேர்த்து 80 வாட் இழுக்கும் டெஸ்க்டாப், ஆளில்லாமல் தினம் 10 மணி நேரம் கிடந்தால் 0.8 யூனிட். ஆண்டுக்கு 292 யூனிட். ஒருவருக்கும் பயன்படாமல் வெறும் சூடாகப் போகிற மின்சாரம் இது, எனக்கு மனசு தாங்காது. 5 நிமிடத்தில் திரை அணையட்டும், 15 நிமிடத்தில் கணினி ஸ்லீப்புக்குப் போகட்டும் என்று இன்றைக்கே பவர் செட்டிங்கில் மாற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கேள்வி: அடிக்கடி ஆஃப் செய்து ஆன் செய்தால் கூடுதலாக இழுக்குமாமே?

ஆன் ஆகும் ஓரிரு நிமிடம் கொஞ்சம் கூடும். சும்மா ஓடும் சில நிமிடங்களில் அது ஈடாகிவிடும். ஸ்லீப்பில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போவதால் சில வாட்தான் செலவு. ஹைபர்னேட் என்றால் திறந்திருப்பதை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுக்க அணையும். அரை மணி எழுந்து போனால் ஸ்லீப், இரவுக்கு ஹைபர்னேட்.

கேள்வி: டார்க் மோட், அதாவது கறுப்புப் பின்னணி, வைத்தால் மின்சாரம் குறையுமா?

ஓ.எல்.இ.டி. திரை என்றால் பலன் உண்டு, அதில் கறுப்புப் புள்ளி ஒளி விடாது. எல்.சி.டி.யில் பயனில்லை. வெளிச்சத்தைக் குறையுங்கள், அது எந்தத் திரையிலும் பலிக்கும்.

கேள்வி: டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கிவிடலாமா?

ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எழுதுவது, படிப்பது போன்ற வேலைக்கு லேப்டாப் 10 முதல் 20 வாட்டில் முடித்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு லேப்டாப்பின் மொத்த கார்பன் கணக்கில் பெரும்பங்கு, அதைத் தயாரிக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. அதனால் இருப்பதற்கு எஸ்.எஸ்.டி. (பழைய ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) மாற்றி, தூசு தட்டி, இன்னும் சில ஆண்டு ஓட்டுங்கள். அது நிஜமாகவே ஓய்ந்த பிறகு லேப்டாப் எடுங்கள்.

கேள்வி: மகன் மணிக்கணக்கில் கேம் ஆடுகிறான். தடுக்க மனமில்லை.

தடுக்க வேண்டாம். கேமின் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டு பெரியதாக இருந்தால் தனியாகவே 200, 300 வாட் இழுக்கும். அவன் திரை நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) மட்டும் காட்டக்கூடியது என்றால், கார்டு 140 வரைந்தாலும் மிச்சம் வீண். கேம் செட்டிங்கில் 60 என்று வரம்பு வையுங்கள். ஃபேன் சத்தமும் அடங்கும், அறைச் சூடும் குறையும். அவனே விரும்புவான்.

கேள்வி: என் கணினியில் 500 வாட் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவா இழுக்கிறது?

பயப்படாதீர்கள். பவர் சப்ளை அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு அது. நிஜ அளவை அறிய, பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது மாட்டிப் பாருங்கள். வேலை செய்யும்போது, சும்மா இருக்கும்போது, ஸ்லீப்பில், ஆஃப் செய்த பிறகு என நான்கு தடவை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்ணோடு வாருங்கள், அடுத்து எதை மாற்றலாம் என்று சொல்கிறேன்.