கையெழுத்துப் போடாத தாள்

அன்புள்ள ஐயா,

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த இரத்தசாட்சிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். ஒரு நெருடல். செத்த மறுநொடி பரலோகம் என்று உறுதியாக நம்புகிறவனுக்குச் சாவதில் என்ன கஷ்டம்? ஊசி போட்டு மரத்துப்போன பல்லைப் பிடுங்குவது மாதிரிதானே? அதைத் தைரியம் என்று எப்படிச் சொல்வது?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பல் உவமையை ரசித்தேன். ஆனால் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டருக்கு அது பொருந்துமா என்று பாருங்கள்.

ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரின் விவசாயி. ஊரிலேயே முதலில் மோட்டார் பைக் வாங்கியவர். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். மாலை போட்டுக் கும்பிடுகிற படத்துக்கான ஆள் இல்லை. 1936ல் ஃபிரான்சிஸ்காவை மணந்த பிறகு பக்தி ஆழமாயிற்று. 1938ல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பதற்கு வாக்கெடுப்பு நடந்தபோது ஊரில் எதிர்த்து ஓட்டுப் போட்டது அவர் ஒருவர்தான். அந்த ஒரு ஓட்டையும் மறைத்து, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று கணக்குக் காட்டினார்கள்.

ஹிட்லரின் போரில் ஆயுதம் எடுப்பது பாவம் என்று முடிவுக்கு வந்ததும் அவர் போய் நின்றது தெரிந்த குருக்களிடமும் (பாதிரியார்களிடமும்) லின்ஸ் ஆயரிடமும் (பிஷப்பிடமும்)தான். பெண்டாட்டி பிள்ளைகளைப் பார், உத்தரவுக்குக் கீழ்ப்படி என்றே அவர்கள் சொன்னார்கள். இங்கேதான் உங்கள் ஊசி உடைகிறது. மோட்சத்துக்கு வழிகாட்ட வேண்டியவர்களே ‘இதற்காக நீ சாக வேண்டியதில்லை’ என்ற பிறகு, மரத்துப்போக மருந்து யார் கொடுத்தது?

1943 மார்ச்சில் ராணுவ முகாமுக்குப் போய் ஆயுதம் எடுக்க மறுத்தார். அப்புறம் மருத்துவ உதவியாளாகப் பணி செய்யத் தயார் என்றார், ஏற்கவில்லை. பெர்லினில் ஜூலை 6ஆம் தேதி மரண தண்டனை. டேகல் சிறையில் இருந்தபோது அங்கிருந்த குரு ஒருவர் அவரிடம் ஒரு செய்தி சொன்னார்: ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற பாதிரியாரும் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, முந்தைய ஆண்டுதான் தலை வெட்டப்பட்டார் என்று. அதைக் கேட்டுத்தான் இவருக்கு நிம்மதியே வந்தது. அதுவரை, நான்தான் தப்போ என்று குடைந்துகொண்டிருந்திருக்கிறது. மரத்துப்போனவனுக்கு இந்த ஆறுதல் எதற்கு?

ஆகஸ்ட் 9, பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டினார்கள். கடைசியாகப் பார்க்கப் போன குரு, மேசையில் ஒரு தாள் கிடந்ததைச் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கலாம். போடவில்லை.

தைரியம் என்று நான் சொல்வது அந்தத் தலைவெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நின்ற நொடியை மட்டும் அல்ல. தனியாக, சந்தேகத்தோடு, திரும்பிப் போக வழி திறந்தே இருந்த அந்த ஐந்து மாதத்தையும்தான். (இரத்தசாட்சியைக் கத்தோலிக்கர்கள் மறைசாட்சி என்பார்கள், அந்தச் சொல்லில் ரத்தமே இல்லை, சாட்சிதான் இருக்கிறது.)

ஃபிரான்சிஸ்காவை விட்டுவிடக் கூடாது. முதலில் அவரும் புருஷன் மனதை மாற்றத்தான் பார்த்தார். நானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று தோன்றியதும் பக்கத்தில் நின்றார். மூன்று சின்னப் பெண்கள், நிலம், ‘இவளால்தான் அவன் கெட்டான்’ என்ற ஊர்ப்பேச்சு. போர் விதவைகளுக்கான உதவித்தொகைகூட வருஷக்கணக்கில் மறுக்கப்பட்டது. 2007 அக்டோபர் 26ஆம் தேதி லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது, 94 வயதில் அவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.