இந்த வசனம் யாருக்கு எழுதியது? – கேள்வி பதில்

வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இரட்சிப்பு, தெரிந்துகொள்ளுதல் (தேவன் தமக்கென்று ஆட்களை முன்னமே தெரிந்தெடுப்பது), வாக்குத்தத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: வசனம் காட்டிக் கேட்பவர்கள் அதற்கு முன்னே பத்து, பின்னே பத்து வசனம் படித்துவிட்டுக் கேளுங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது: தேவன் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். இந்த வருஷம் மகனுக்கு வேலை கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? (நாசரேத், ஒரு தாய்)

மகனுக்காக நானும் ஜெபிக்கிறேன், அம்மா. ஆனால் அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவே இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். ஐந்தாம் வசனத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். பத்தாம் வசனத்தில், 70 வருஷம் ஆகும் என்கிறார். கடிதத்தைக் கையில் வாங்கிய நாற்பது வயதுக்காரர் ஊர் திரும்பப் போவதில்லை. அவருடைய பேரன் திரும்பலாம். அதே காலத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். 28-ஆம் அதிகாரம் பாருங்கள். கேட்க இனிப்பாக இருந்தது அவன் பேச்சுதான். அந்த வருஷமே செத்தும் போனான். நம் அட்டைகளில் பாதி அனனியா அச்சடித்தது என்று வகுப்பில் சொல்வேன், பையன்கள் சிரிப்பார்கள். தேவன் தம் ஜனத்தைக் கைவிடமாட்டார் என்பது வாக்குத்தத்தம். டிசம்பருக்குள் என்பது நாம் சேர்த்தது.

நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று எப்படி அறிவது? (தூத்துக்குடி)

உள்ளே தோண்டிப் பார்த்தால் தெரியாது. தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கக் கிறிஸ்துவே கண்ணாடி என்று, அதை அழுத்திப் போதித்த சீர்திருத்தக்காரர் கால்வினே எழுதினார். எபேசியர் 1:4-இல் "கிறிஸ்துவுக்குள்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். அப்புறம் யோவான் 6:37: வருகிறவனைப் புறம்பே தள்ளுவதில்லை. வந்துவிட்டீர்கள் அல்லவா?

"யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்." பிறக்காத பிள்ளையை வெறுப்பது நியாயமா? (நாகர்கோவில்)

ரோமர் 9-இல் பவுல் இரண்டு வசனங்களைச் சேர்த்து வைக்கிறார். ஏசாவும் யாக்கோபும் இரட்டைப் பிள்ளைகளாக வயிற்றில் இருக்கும்போது தாய் ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்டது ஆதியாகமம் 25:23. "இரண்டு ஜாதிகள்" என்றே அது தொடங்குகிறது. வெறுத்தேன் என்பதோ மல்கியாவிலிருந்து வருகிறது. ஏசா செத்துப் பல நூற்றாண்டுகள் ஆனபின், அவன் வம்சமான ஏதோம் தேசத்தைப் பற்றிச் சொன்னது. தொட்டில் குழந்தையைப் பார்த்துச் சொன்னதல்ல.

"வெறுத்தல்" என்ற எபிரெயச் சொல்லையும் கவனியுங்கள். ஆதியாகமம் 29:31-இல் யாக்கோபின் மூத்த மனைவி லேயாளுக்கும் அதே சொல்தான். அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று போட்டார்கள். முந்தின வசனம், யாக்கோபு ராகேலை அதிகமாய் நேசித்தான் என்கிறது. தெரிவில் பின்னுக்கு வைப்பது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன் என்று உபாகமம் 23:7 சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள். யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டது ஒரு வேலைக்காக. ஏசா நரகத்துக்கு என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

ஐயா, நழுவுகிறீர்கள். ரோமர் 9:22-இல் "அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட" (ஆயத்தமாக்கப்பட்ட) கோபத்தின் பாத்திரங்கள் இருக்கின்றனவே! (சென்னை, இறையியல் மாணவர்)

நல்ல கேள்வி, தம்பி. அடுத்த வசனத்தையும் பக்கத்தில் வையுங்கள். அழிவுக்கு "எத்தனமாக்கப்பட்ட", மகிமைக்காக "தாம் எத்தனமாக்கின". கிருபையின் பாத்திரத்தைச் செய்தவர் யார் என்று வாக்கியம் சொல்கிறது. கோபத்தின் பாத்திரத்தை அப்படி ஆக்கியது யார் என்று சொல்லவில்லை. கிரேக்கத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. எரேமியா 18-இல் குயவன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்: கையில் கெட்டுப்போன மண்ணை அவன் எறியவில்லை, அதையே வேறு பாண்டமாக வனைகிறான்.

அப்படியென்றால் அப்போஸ்தலர் 13:48? நித்திய ஜீவனுக்கு நியமிக்கப்பட்டவர்கள்தான் விசுவாசித்தார்கள். (அதே மாணவர்)

இந்த வசனம் உங்கள் பக்கம்தான். மறுக்கவில்லை. அதை வளைத்து எடுப்பவர்களின் விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் இரண்டு வசனம் முன்னே, யூதர்கள் "தங்களை அபாத்திரராகத் தீர்த்துக்கொண்டதாக", அதாவது தகுதியற்றவர்கள் என்று தாங்களே முடிவு செய்துகொண்டதாக, பவுல் சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ரோமர் 9-இல் நின்றுவிடாமல் 11:32 வரை வாருங்கள். அந்த வாதம் எல்லார்மேலும் இரக்கம் என்றுதான் முடிகிறது.

ஐயா கால்வின்காரரா, ஆர்மீனியஸ்காரரா? (மட்டக்களப்பு)

தேவன் நிபந்தனையின்றித் தெரிந்துகொண்டார் என்பது கால்வின் பக்கம்; விசுவாசிப்பவர்களை முன்னறிந்து தெரிந்துகொண்டார் என்பது ஆர்மீனியஸ் பக்கம். ஆர்மீனியஸ் 1609-இல் இறந்தார். மறு வருஷம் அவர் சீடர்கள் கால்வின் பக்கத்துக்கு ஐந்து மறுப்புகளை எழுதினார்கள். 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபை மன்றம் கால்வின் பக்கம் நின்று பதில் சொன்னது. அப்புறம் இங்கிலாந்துப் பிரசங்கியார்கள் வெஸ்லியும் (ஆர்மீனியஸ் பக்கம்) விட்ஃபீல்டும் (கால்வின் பக்கம்) இதே விஷயத்தில் முட்டிக்கொண்டார்கள். விட்ஃபீல்ட் 1770-இல் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும் கால்வின் வழி பிரெஸ்பிட்டேரியன்களும் ஒரே மேசைக்கு வந்தார்கள். நான் அந்தத் திருச்சபைப் பிள்ளை. போதுமா?

நான் தெரிந்துகொள்ளப்பட்டவளா? (மதுரை)

மேலே தூத்துக்குடிக்காரருக்குச் சொன்ன பதில்.

முத்திரை போடப்பட்ட 1,44,000 பேரில் நான் உண்டா? (பாளையங்கோட்டை)

வெளிப்படுத்தல் 7:4-இல் நிறுத்திவிட்டீர்கள். 9-ஆம் வசனத்தில் எண்ணமுடியாத கூட்டம் நிற்கிறது. பத்து வசனம் என்று சும்மாவா சொன்னேன்?

நாம் தவறினால் தேவனுடைய வாக்கும் ரத்தாகுமா? (திருச்சி)

தேவன் ஆபிராமோடு உடன்படிக்கை செய்யும் ஆதியாகமம் 15-ஐ மெதுவாகப் படியுங்கள். மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா. ஆபிராம் அவற்றை நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறார். பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. பிணம் தின்னிப் பறவைகள் இறங்க, அவர் துரத்திக்கொண்டிருக்கிறார். அன்றைய உடன்படிக்கையில் துண்டங்களின் நடுவே நடப்பவன், வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதி என்று ஒப்புக்கொள்கிறான். எரேமியா 34:18 அதைக் காட்டுகிறது. பொழுது சாய்ந்ததும் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் நடக்கவில்லை, அயர்ந்த நித்திரை. கையெழுத்து தேவனுடைய பக்கம் மட்டும்தான் விழுந்தது.

நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா... (வேலூர்)

தூத்துக்குடி!

ஐயா, அப்படியானால் அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிவிடவா? (நாசரேத், அதே தாய்)

வேண்டாம் அம்மா, இருக்கட்டும். பின்பக்கம் பென்சிலால் "29-ஆம் அதிகாரம், முதல் வசனத்திலிருந்து" என்று எழுதி, மறுபடி மாட்டிவிடுங்கள்.