43 முகங்கள் எங்கே?

கேள்வி: எனக்கு 31 வயது. மும்பை சயான் கோலிவாடாவில் அம்மாவோடு இருக்கிறேன். அந்தேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. 2018 முதல் ராத்திரி நேரத்தில் ஒரு ரோல்-பிளேயிங் வீடியோ கேம் செய்துவருகிறேன். தாமிரபரணிக் கரையில் எங்கள் பூர்வீக ஊர், சுடலைமாடன் கோயில் கொடை விழா, ஊரை விட்டுப் போன பையன் திரும்பி வருவது, இதுதான் கதை. 9 ஊர்கள், 60 மணி நேர விளையாட்டு என்று திட்டம். கேம் செய்யும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கரின் எம்வி பதிப்பில் தொடங்கி, அடுத்த பதிப்பான எம்ஸெட்டுக்கு மாறினேன். ஆரம்பத்தில் தங்கை நோட்டில் பென்சிலால் கதாபாத்திரங்களின் 43 முகங்களை வரைந்து, ஸ்கேன் செய்து கொடுத்தாள். அவள் கல்யாணமாகிப் பாளையங்கோட்டை போன பிறகு, மென்பொருள் மாறியதால் அவற்றை எடுத்துவிட்டு 2,400 ரூபாய்க்கு ஓர் அசெட் பேக் (தயாராக விற்கும் கேம் படங்களின் தொகுப்பு) வாங்கிப் போட்டேன். இரண்டு வருடமாகக் கை ஓடவில்லை. கோடோ என்ற வேறொரு கேம் மென்பொருளுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். எரிக் பரோன் தனி ஆளாக ஸ்டார்டியூ வேலி என்ற கேமை முடித்தாரே, என்னால் ஏன் முடியவில்லை? மோட்டிவேஷன் குறையாமல் இருக்க என்ன வழி? மே லீவுக்குத் தங்கை குழந்தையோடு வருகிறாள். அவள் வந்து போன பிறகாவது ஒழுங்காகத் தொடங்க வேண்டும். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, மூன்று பக்கக் கடிதத்தில் தங்கைக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறீர்கள். நான் அந்த இரண்டு வரியை விட்டு நகரப்போவதில்லை.

பாதியில் நின்ற நாவல், பாதியில் நின்ற குறும்படம், பாதியில் நின்ற கேம் என்று இந்தப் பகுதிக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. ஊக்கம் எங்கே போயிற்று என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கூட இருந்தவர் யார், அவர் எப்போது போனார் என்று யாரும் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் அது இருக்கிறது.

மென்பொருள் மாறியதால் படங்களை நீக்கினேன் என்கிறீர்கள். என் அக்கா மகன் இதே ஆர்பிஜி மேக்கரில் கேம் செய்கிறவன். அவனிடம் கேட்டேன். எம்வி 2015இல் வந்தது, எம்ஸெட் 2020இல். இரண்டிலும் முகப்படத்தின் அளவு 144க்கு 144 பிக்சல்தான், ஒரு ஷீட்டில் எட்டு முகம். உங்கள் 43 முகங்களும் ஆறு ஷீட்டில் அடங்கும். பழைய ஃபோல்டரிலிருந்து புது ஃபோல்டருக்கு அப்படியே காப்பி செய்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை என்றான். ஆக, நீங்கள் சொன்ன காரணம் காரணமே இல்லை. அந்தப் பென்சில் படங்களை வெளியாட்களுக்குக் காட்ட உங்களுக்குக் கூச்சம். கடையில் வாங்கியது வழவழப்பாக இருந்தது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

சரி, அந்த பேக்கில் என்ன இருக்கிறது? கொடையில் பாடி ஆடுகிற கணியான் இருக்கிறாரா? வில்லுப்பாட்டு அம்மா? நடுராத்திரியில் பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிற சாமியாடி? இப்படி விற்கிற பேக்குகளில் பெரும்பாலும் இரும்புக் கவசம் போட்ட வீரனும் கூர்க்காது வைத்த பெண்ணும்தான் இருப்பார்கள். அந்த முகத்துக்குக் கீழே “ஏலே, எப்ப வந்தே?” என்று எழுத உட்கார்ந்தால் கை எப்படி ஓடும்? உங்கள் ஊர்க்காரர்களை நீங்களே ஊரை விட்டுத் துரத்திவிட்டு, ஊர் ஏன் பேச மாட்டேன் என்கிறது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அடுத்து, பணம். முகம் தெரியாத ஒருவருக்கு 2,400 ரூபாய் கொடுத்தீர்கள். தங்கைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? கல்யாணத்துக்குச் சீர் செய்தேன் என்பீர்கள். சீர் வேறு, கூலி வேறு. பிறந்த வீட்டில் பெண்பிள்ளை செய்கிற வேலைக்கு நம் வீடுகளில் கணக்கு வைப்பதே கிடையாது, சமையலானாலும் சரி, படமானாலும் சரி. இதைப் பல வருடமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவில்லை. கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள். கொடுக்க வேண்டியதை எழுதாமல் விட்டால் ஐந்தொகை பொருந்துமா? படங்களை எடுத்துவிட்டதையாவது அவளிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள்.

எரிக் பரோனைச் சொன்னீர்கள். கேமின் கோடிங், படம், இசை எல்லாம் அவர்தான். சுமார் நாலரை வருடம் உழைத்து 2016இல் வெளியிட்டார். அந்த வருடங்களில் அவர் ஒரு தியேட்டரில் பகுதி நேரமாக வந்தவர்களுக்கு இடம் காட்டும் வேலை பார்த்தார். வீட்டுச் செலவைத் தாங்கியது அவரோடு வாழ்ந்த தோழியின் சம்பளம். இதை அவரே மறைத்ததில்லை. “தனி ஆளாக” என்று எழுதும்போது நாம்தான் அந்தப் பெண்ணை அழித்துவிடுகிறோம். நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு உட்காரும்போது அடுப்படி வேலை முடிந்து கிடக்கிறதே, அதைச் செய்தது யார்?

கோடோ நல்ல மென்பொருள்தான், இலவசமும்கூட. ஆனால் ஆர்பிஜி மேக்கர் தயாராகக் கையில் கொடுத்த சண்டை முறை, கடை, மெனு, சேவ் எல்லாவற்றையும் அங்கே நீங்களே கட்ட வேண்டும். நாள் முழுக்க உழைத்த களைப்பு இருக்கும், கதை ஒரு வரிகூட நகர்ந்திருக்காது. கான் காவ் 2011இல் வெளியிட்ட டு த மூன் என்ற கேம், அப்போதே பழையதாகிவிட்ட ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி பதிப்பில் செய்தது. நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும், சண்டை ஏறக்குறைய இல்லை. ஒரு கிழவரின் கடைசி ஆசைதான் கதை. விளையாடியவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். மாறாதீர்கள்.

60 மணி நேரத் திட்டத்தையும் கைவிடுங்கள். ஒவ்வொரு புது ஊருக்கும் மேப், ஆட்கள், வசனம், கடைச் சாமான் விலை, எதிரியின் பலம் எல்லாம் புதிதாகப் போட வேண்டும், போட்டதும் பழைய ஊர்களின் கணக்கு கலையும். சம்பளக்காரரின் ராத்திரிகளுக்கு ஒரு ஊர் போதும். கொடை நடக்கிற ஒரே ஒரு ராத்திரி. தங்கையின் முதல் ஷீட்டில் உள்ள எட்டு முகங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆளின் வசனம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அரை மணி நேரத்தில் முடிகிற கேமாக இருக்கட்டும்.

தங்கை வந்து போன பிறகு தொடங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை தம்பி, அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும். ஸ்கேன் ஃபைல்கள் இல்லாவிட்டால் நோட்டுகள் எங்கே என்று அம்மாவைக் கேளுங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் நோட்டுகளை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்க மாட்டார். அப்புறம் தங்கைக்கு போன் செய்து படங்களை எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள், மென்பொருளைச் சாக்குச் சொல்லாமல். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். கேம் எப்போதாவது விற்றால் அவளுக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். முதல் திரையில் அவள் பெயர் வர வேண்டும்.

மே மாதம் வந்ததும் லேப்டாப்பை அவளிடம் கொடுங்கள். எந்த இடத்தில் வழி தெரியாமல் சுற்றுகிறாள், எந்த முகம் வந்ததும் பட்டனை அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கவனியுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அந்த அரை மணி நேரம் குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும்.