சென்னை வெயிலுக்குக் கெட்டி ஆயில் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2021 மாடல் பெட்ரோல் கார், 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மேனுவலில் இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. தண்டையார்பேட்டையில் நான் வழக்கமாக விடும் மெக்கானிக், "இது தண்ணி மாதிரி இருக்கு சார், குளிர் நாட்டு ஆயில், நம்ம கத்திரி வெயிலுக்கு 20டபிள்யூ-40 தான் நிக்கும்" என்று அதையே ஊற்றிவிட்டார். காலை டிக் டிக் சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் மைலேஜும் குறைந்த மாதிரி தெரிகிறது. எது சரி?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கை பழகிய காலத்து வண்டிகளுக்கு அதுதான் ஆயில். உங்கள் வண்டிக்கு அது வேண்டாம்.

டபிள்யூ என்றால் விண்டர் என்பது வாஸ்தவம்தான். அதற்காக 0டபிள்யூ வெயிலில் இளகி ஓடிவிடும் என்று அர்த்தமில்லை. குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக நகரும் என்பதற்கு முன்னால் உள்ள எண், சூடேறிய பிறகு 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பதற்குப் பின்னால் உள்ள எண். வெளியே மே மாதம் 42 டிகிரி கொளுத்தினாலும் மார்கழியில் 21 ஆனாலும், தெர்மோஸ்டாட் கூலண்டைக் கிட்டத்தட்ட 90 டிகிரியிலேயே பிடித்து வைக்கிறது, ஆயிலும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலையில் வாசலில் ஆறிக் கிடக்கிற உங்கள் 0டபிள்யூ-20, நன்றாக ஓடிச் சூடான பழைய அம்பாசடரில் இருக்கும் 20டபிள்யூ-50ஐ விடக் கெட்டி! முன்னது 40 டிகிரியில் ஏறக்குறைய 45 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), பின்னது 100 டிகிரியில் 18 சொச்சம்தான். ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடம் எந்த ஆயிலும் தேவைக்கு மேல் கெட்டிதான் என்னும்போது, அதில் போய் 20டபிள்யூ-40ஐ ஊற்றுவது விளக்கெண்ணெயை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற கதை. இப்போதைய இன்ஜின்கள் பலவற்றில் வால்வு டைமிங்கை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான், பம்ப், பேரிங் இடைவெளி எல்லாம் அந்த மெல்லிய ஆயிலுக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. மைலேஜ் குறைந்ததும் இதனால் இருக்கலாம் (டயர் காற்றையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்).

சத்தம் குறைந்ததும் நிஜமாகவே இருக்கும், கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? டிப்ஸ்டிக்கில் லெவல் பாருங்கள். மலிவு ஃபில்டர் போட்டிருந்தால் ராத்திரி ஆயில் கீழே இறங்காமல் தடுக்கிற ரப்பர் வால்வு அதில் சரியாக வேலை செய்யாது, அதுவும் ஒரு காரணம்.

நம்ம பக்கத்து வண்டிகளைப் படுத்துவது கன்டெய்னர் லாரிதான் என்பேன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு லாரி வரிசை கட்டினால் மீட்டர் நகராது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மேனுவலில் கடினமான பயன்பாட்டுக்கென்று ஆயில் மாற்றத் தனி இடைவெளி போட்டிருந்தால் உங்களுக்கு அதுதான். நான் 10,000 வரை இழுக்காமல் 7,000 கி.மீ.க்கே மாற்றிவிடுகிறேன். தேரடி, காலடிப்பேட்டை என்று சின்னச் சின்ன ஓட்டமே என்றால் ஆயில் மூடியைத் திருகி அடியில் பாருங்கள்: காபி நுரை மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தால், இன்ஜின் முழுதாகச் சூடேறாமல் ஈரம் தங்குகிறது, வாரம் ஒருநாள் நீளமாக ஓட்டுங்கள். கூலண்டும் சேர்ந்து குறைந்தால் உடனே ஒர்க்‌ஷாப்.

சரி, 0டபிள்யூ-20 கடையில் இல்லை என்றால்? மேனுவலின் அட்டவணையில் 5டபிள்யூ-30ம் இருந்தால் தாராளமாகப் போடலாம். இல்லாத கிரேடு வேண்டாம்.

கேள்வி: பிஎஸ்6 டீசல் கார். கிரேடு ஒன்றாக இருந்தால் விலை குறைந்த ஆயில் போடலாமா?
- வாசகர், மணலி

பதில்: கிரேடு மட்டும் போதாது. உங்கள் வண்டியில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர்) இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அப்படியே அடைத்துக்கொள்ளும். அதனால் சாம்பல் குறைந்த வகை வேண்டும். கேனின் பின்பக்கப் பொடி எழுத்தில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கம்) தரக் குறியீடு சி2, சி3 என்று இருக்கும், உங்கள் மேனுவல் கேட்பது எது என்று பார்த்து வாங்குங்கள். டிபிஎஃப் மாற்றுகிற செலவில் பல வருஷத்துக்கு நல்ல ஆயிலே ஊற்றலாம்.